இது என்ன பூ, அம்மிணி?

2022 பங்குனிக் கடைசியில் எங்கள் தெருக்கோடி வாத்தியாரய்யாவுக்கு, நானே அச்சு ஸ்டாம்ப் குத்திச் செய்த ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தேன். தபாலில் இல்லை, கையிலேயே. முப்பது வருடம் பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அட்டையை முன்னே பார்த்து, பின்னே பார்த்து, மறுபடி முன்னே பார்த்தார். மூன்று துலிப் பூக்கள், சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு. அடியில் ஒரு குட்டி முயல். மேலே ‘வசந்த வாழ்த்து’ என்று என் கையெழுத்து. “ரொம்ப நல்லாருக்குது. இது என்ன பூ, அம்மிணி?” என்றார். துலிப்புங்க என்றேன். “எங்க பூக்குது?” காஷ்மீர்லீங்க, ஸ்ரீநகர்ல பெரிய தோட்டமே வச்சிருக்கறாங்க என்றேன். “நீ பாத்திருக்கறயா?” இல்லீங்க. “சரி. இந்த மொசலு எதுக்கு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் இதில் கொடுமை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கேட்டுவிட்டு அட்டையைப் பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக வைத்து, எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முயல் எதுக்கு, முயல் எதுக்கு என்று செருப்புச் சத்தத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருந்தது. ராத்திரி தூங்கப் போகும்போதும் விடவில்லை.

முயல் எதற்கென்று இப்போது தெரியும். அந்த ஸ்டாம்ப் செட்டுகள் ஈஸ்டரை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. முயல், முட்டை, கோழிக்குஞ்சு, துலிப் எல்லாம் பனி உருகுகிற ஊர்களின் சந்தோஷம். துலிப் கிழங்குக்கு வாரக்கணக்கில் குளிர் வேண்டும், இல்லாவிட்டால் பூவே வராது. நான் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கோபாலபுரம் எல்லைக்கு இந்தப் பக்கம். பங்குனியில் எங்களுக்கு உருகுவது தார் ரோடு.

ஸ்டாம்ப் பைத்தியம் பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகள் ஒரு லீவுக்கு வந்தபோது ஒரு செட் கொண்டுவந்து என்னிடமே விட்டுப் போனாள். கண்ணாடி மாதிரித் தெளிவான ஸ்டாம்புகள். ஒரு அக்ரிலிக் கட்டையில் ஒட்டி, மை தொட்டு, அட்டையில் வைத்து எடுத்தால் பூ. எனக்குப் படம் வரைய வராது. பள்ளிக்கூடத்தில் நான் போட்ட மாட்டை டீச்சர் நாய் என்றார். அப்படிப்பட்டவள் வைத்து எடுத்த இடத்தில் இதழ் இதழாக ஒரு பூ நிற்கிறது என்றால் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்? அப்புறம் ஆன்லைனில் இன்னும் இரண்டு செட், நாலு வண்ண மை, மை காயும் முன் பொடி தூவிச் சூடு காட்டினால் புடைத்து எழும்பும் எம்பாஸிங் பவுடர் என்று சம்பளத்தில் ஒரு ஓரம் போய்க்கொண்டே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் ஸ்டாம்ப் எனக்குப் புதிதே இல்லை. பால் சொசைட்டியில் கணக்கெழுதுவதுதான் என் வேலை. பகலெல்லாம் சீல்தான். வவுச்சரில் சீல், ரசீதில் சீல், லெட்ஜர் ஓரத்தில் சீல். இருபது வருடமாக வலது கை ‘டக் டக்’ என்று குத்திப் பழகிவிட்டது. அட்டைக்கு அது ஆகாது என்று கற்றுக்கொள்ளவே இரண்டு மாதம் ஆயிற்று. குத்தினால் பூவைச் சுற்றி ஒரு நிழல் விழும். முன்னும் பின்னும் ஆட்டினால் கட்டையின் விளிம்பு பதியும். நேராக வைத்து, உள்ளங்கையால் ஒரு மூச்சு நேரம் அமுக்கி, நேராகவே தூக்க வேண்டும். தோசைக்கல்லிலிருந்து ஆப்பத்தை எடுப்பது போல. கையின் இருபது வருடப் பழக்கத்தை ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மறக்கப் பார்த்தேன். காலையில் பத்து மணிக்குச் சொசைட்டியில் மறுபடி நினைவுக்கு வந்துவிடும்.

ஏ4 அளவு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் கைக்கு அடக்கமான ஒரு வாழ்த்து அட்டை. மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டுத்தான் மடிக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு வெடித்துவிடும். அட்டை ஒன்பது கிராம் சொச்சம் நிற்கும். கவரும் சேர்ந்தாலும் 20 கிராமுக்குள்தான், அஞ்சு ரூபாய்த் தபால்தலை போதும். எங்கள் பின்கோடு 678-இல் தொடங்கும், பொள்ளாச்சியில் 642. பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போட முடியாத தூரம். ஆனால் கடிதம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகிறது. அதிலும் எனக்கு ஒரு பெருமை.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வாத்தியாரய்யா கேட்கும் வரை.

கொன்றை

அடுத்த வருடம் நம் ஊர்ப் பூதான் என்று முடிவு செய்தேன். எந்தப் பூ என்பதில் யோசனையே வரவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் சித்திரை என்றால் கொன்றைதான். கேரளத்துக்கு அது மாநிலப் பூ. கேரளத்துச் சித்திரைப் பண்டிகையான விஷுவன்று கண்விழித்ததும் முதலில் பார்க்கிற விஷுக்கணிக்கு உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், கண்ணாடி, காசு எல்லாம் வைத்தாலும் ஒரு கொத்துக் கொன்றை இல்லாவிட்டால் கணி இல்லை. நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள்தான். வீட்டில் சித்திரைக் கனிதான் வைப்போம். என்றாலும் கொன்றை இல்லாமல் வைத்ததில்லை.

தமிழ் வருடப் பிறப்பும் விஷுவும் ஒரே நாள்தானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பல வருடம் ஒரே நாள். சில வருடம் இல்லை. சூரியன் மேஷத்துக்குள் நுழைவது பொழுது சாய்வதற்குள் என்றால் தமிழ்க் கணக்குக்கு அன்றைக்கே மாதப் பிறப்பு. மலையாளக் கணக்குக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பகலை ஐந்தாகப் பிரித்தால் மூன்று பங்கு முடிவதற்குள் நுழைந்தாக வேண்டும், தவறினால் அடுத்த நாள்தான். 2023-இல் அப்படித்தான் ஆனது. எங்களுக்கு 14, பக்கத்து வீட்டுக்கு 15. நான் அந்த வருடம் பார்த்து ‘ஏப்ரல் 14’ என்று இருபத்தைந்து அட்டையில் தேதி போட்டு வைத்திருந்தேன். பாதிப் பேருக்கு என் வாழ்த்து ஒரு நாள் முன்கூட்டிய வாழ்த்து.

சரி, கொன்றைக்கு வருகிறேன். கொன்றை ஸ்டாம்ப் எந்தக் கடையிலும் இல்லை. அதனால் நானே செதுக்கப் பார்த்தேன். பெரிய அழிரப்பர் ஒன்று, வி வடிவ முனை வைத்த செதுக்குக் கத்தி ஒன்று. படத்தை டிரேசிங் தாளில் மெத்தென்ற பென்சிலால் வரைந்து, கவிழ்த்து ரப்பரின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி ரப்பருக்கு வந்துவிடும்; அச்சிடும்போது மறுபடி மாறி நேராகிவிடும். இதில் தெரியாமல் போனது ஒன்றுதான். கோட்டை ஒட்டிச் செதுக்கும்போது கத்தி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஆற்றங்கரை போல மேலே ஒடுங்கி அடியில் அகன்று நின்றால்தான் கோடு தாங்கும். நான் உள்பக்கமாகக் குடைந்துவிட்டேன். நாலு அச்சுக்கு மேல் இதழ்கள் சாய்ந்து படுத்துவிட்டன.

கொன்றைப் பூவை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுலபமான பூ இல்லை. ஐந்து இதழ், ஒவ்வொன்றிலும் நரம்பு. நடுவில் பத்துக் கேசரம். அதில் மூன்று மட்டும் நீளமாகக் கொக்கி போல வளைந்து மேலே நிமிரும். அந்த மூன்று வளைவு இல்லாவிட்டால் அது கொன்றை இல்லை, வெறும் மஞ்சள் பூ. அந்த வளைவைத்தான் ரப்பரில் கொண்டுவர முடியவில்லை. அழகாக வரைந்து தரச் சொல்லி அண்ணன் மகளிடம் வாங்கி, பாலக்காட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது இந்தக் கதைக்குத் தேவையில்லாதது, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு பலகை நிறைய மாதிரி முத்திரைகள். வில்லேஜ் ஆபீசர், ஹெட்மாஸ்டர், டாக்டர், ‘உண்மை நகல்’, ‘பணம் செலுத்தியாயிற்று’. உலகத்தின் அதிகாரம் முழுவதும் மரப்பிடி போட்டு வரிசையாக நிற்கிறது. கடைக்காரர் என் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “சேச்சி, இது ஏது ஆபீசு?” என்றார். ஆபீசு இல்லீங்க, விஷுவுக்கு என்றேன். அப்புறம் அவருக்கும் சுவாரஸ்யம் வந்துவிட்டது. அவருடைய அப்பா காலத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து, அதை மாவு போன்ற கலவையில் அழுத்தி அச்சு எடுத்து, அந்தக் குழிக்குள் பச்சை ரப்பரைச் சூட்டோடு அமுக்கிச் செய்வார்களாம். இப்போது ரப்பர் ஸ்டாம்ப் என்பதில் பல நேரம் ரப்பரே இல்லை. படத்தின் நெகட்டிவ் ஃபிலிமை வைத்து, மேலே தேன் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி, கண்ணாடிக்கு நடுவே புற ஊதா வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் கழுவினால் போய்விடும். தெற்கே கோட்டயத்தில் ரப்பர் போர்டே இருக்கிறது, இங்கே ஸ்டாம்பில் ரப்பர் இல்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

கழுவினால் போய்விடும் என்றாரே, அங்கேதான் சிக்கல். மெல்லிய கோடும் சின்னப் புள்ளியும் இறுகி நிற்க அடியில் பிடிப்பு போதாது. கழுவும்போது கூடவே போய்விடும். என் மூன்று கேசரத்தில் இரண்டு போயிற்று. கூடவே ‘சித்திரை வாழ்த்துகள்’ என்று ஒரு வரி ஸ்டாம்பும் செய்யச் சொல்லியிருந்தேன். அதில் நாலு புள்ளி. முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் சாக்கடைக்குப் போய், ‘சிததிரை வாழ்த்துகள’ என்று வந்தது. புள்ளி வைத்த எழுத்துள்ள மொழிக்காரர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் போல.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று இதைப் படிக்கிற யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வாத்தியாரய்யா கட்சியின்படி ‘க்’ போட்டால் அது வாழ்த்துக் கள். சித்தூர்த் தாலுகாவில் இருந்துகொண்டு அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்பார். விடிகாலையில் எங்கள் ரோட்டில் வந்து நின்று பார்த்தால் தெரியும், இங்கே தென்னையில் இறக்கின கள் வண்டி வண்டியாகக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகும். வாழ்த்தும் கள்ளும் ஒரே ரோட்டில்தான் போகின்றன. நான் ‘க்’ போடுவதில்லை, பயத்தால்.

மஞ்சள் மை இன்னொரு தலைவலி. ஊர்க்கடைகளில் ஸ்டாம்ப் பேட் கேட்டால் வயலட், நீலம், சிவப்பு, பச்சை, கறுப்பு. மஞ்சளில் எந்த ஆபீசும் சீல் வைப்பதில்லை. மஞ்சள்பொடியைக் கரைத்துப் பார்த்தேன். சோப்புக் கையோடு தொட்ட இடமெல்லாம் குங்குமம் ஆகிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே குங்குமமே செய்கிறார்கள், எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. கடைசியில் துணிக்கு அடிக்கும் ஃபேப்ரிக் பெயிண்டை ஸ்பாஞ்சில் தடவி மை ஆக்கினேன். வெள்ளை அட்டையில் மஞ்சள் எடுக்கவே இல்லை. பழுப்பு அட்டைக்கு மாறினேன், அதில் நன்றாகவே வந்தது. இருபத்தைந்து அட்டை. முதல் அட்டையை எடுத்துக்கொண்டு நேராக வாத்தியாரய்யா வீட்டுக்குப் போனேன்.

மடமரம்

“இது தெரியுது. கொன்றை,” என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்த நொடியே, “வசந்தத்துக்கு இதை எதுக்குப் போட்டே?” என்றார்.

சங்கப் பாட்டில் கொன்றை கார்காலப் பூவாம். முல்லைத் திணையின் பூ. ஆவணி, புரட்டாசி. குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது. கார் வந்தால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது, தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இது கார் இல்லை, காலம் தப்பிப் பெய்த மழை, இந்தக் கொன்றை மரம் மடத்தனமாக அதைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது. நான் விடவில்லை. ஏனுங்கய்யா, நம்ம வீட்டு முன்னாலயே பங்குனியில பூக்குதுங்களே, பாட்டுக்காகக் காத்துட்டா இருக்குது என்றேன். “அதான் சொல்றன். மடமரம். அன்னைக்கும் ஏமாந்துச்சு, இன்னைக்கும் ஏமாறுது,” என்றார்.

இதில் அவர் சொன்னதை முழுவதாக ஒத்துக்கொள்ள என்னால் இன்றைக்கும் முடியவில்லை. பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், மரம் கண்முன்னால் நிற்கிறது. ஆனால் அவர் பேச்சில் ஒரு முள் இருந்தது. கொன்றை இப்போதெல்லாம் எங்கள் பக்கம் மாசியிலேயே பூத்துக் கொட்டிவிடுகிறது. விஷுவுக்கு முந்தின நாள் சந்தையில் பிளாஸ்டிக் கொன்றைக் கொத்துகள் தொங்குகின்றன, ஜனங்கள் வாங்குகிறார்கள். நான் பாலக்காடு வரை போய்ச் செய்துவந்த பூ வசந்தத்தின் பூவா, இல்லை காலண்டரின் பூவா? துலிப்பை வேறு தேசத்துக் காலண்டரிலிருந்து எடுத்தேன், கொன்றையை இந்த தேசத்துக் காலண்டரிலிருந்து எடுத்தேன். இரண்டு முறையும் வாசலைப் பார்த்து எடுக்கவில்லை. இதை அன்றைக்கே இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. மோர் குடிக்காமல் வந்துவிட்டேன். இருபத்தைந்து அட்டையையும் அப்படியே அனுப்பினேன், பாதிப் பேருக்கு ஒரு நாள் தப்பாக.

மார்ச் கடைசி வாரம்

அடுத்த வருடம் அட்டை எதுவும் வேண்டாம் என்று இருந்தேன். மார்ச் கடைசி வேறு. வருடக் கணக்கு முடிக்கிற வாரத்தில் சொசைட்டியில் மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு வருடத்து வவுச்சரையும் எடுத்துச் சரிபார்த்து, சீல் விட்டுப்போனவற்றுக்குச் சீல் வைத்துக் கட்டுக் கட்ட வேண்டும். ஒரு நாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தேன். பேட் காய்ந்துகொண்டு வந்தது. மை ஊற்றினால் புதிது சொதசொதவென்று ஒழுகும், கட்டை முடித்துவிட்டு ஊற்றிக்கொள்ளலாம் என்று சோம்பல். அதனால் ஒரு தடவை மை தொட்டு மூன்று நாலு தாளில் குத்தினேன். முதல் சீல் கருவயலட். இரண்டாவது சுமாரான வயலட். மூன்றாவது, வட்டத்தின் ஓரம் பாதி விட்டுப்போய், மிக மிக லேசாக, தண்ணீரில் கரைத்த கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தது.

சாப்பாட்டுப் பையை எடுக்கக் குனிந்தேன். பை திறந்த வாயோடு காலையிலிருந்து ஸ்கூட்டரில் மாட்டியிருந்தது. ஸ்கூட்டர் ராத்திரி முழுக்க எங்கள் வாசல் புங்கமரத்தடியில் நின்றிருந்தது. டிபன் பாக்ஸோடு சேர்ந்து பத்துப் பதினைந்து புங்கம்பூ வந்து வவுச்சரின் மேல் கொட்டியது. ஊதித் தள்ளப் போனவள் நின்றுவிட்டேன். மூன்றாவது சீலின் நிறமும் அந்தப் பூவின் நிறமும் ஒன்றாக இருந்தன. கிட்டத்தட்ட ஒன்று என்று சொல்லவில்லை. ஒன்று.

புங்கமரத்தைப் பற்றி எனக்கு இருந்த ஒரே அபிப்பிராயம் அது குப்பை போடும் மரம் என்பது. இலை ஒரு மாதம் கொட்டும், அது முடிந்து பளபளவென்று புது இலை விட்ட கையோடு பூ கொட்டும். பங்குனி, சித்திரை முழுக்கக் காலையில் அஞ்சரை மணிக்கு வாசல் கூட்டினால், தண்ணீர் தெளித்துக் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மறுபடி விழுந்திருக்கும். பொரியைக் கொட்டின மாதிரி. மலையாளத்தில் அதை உங்ஙு என்பார்கள். பக்கத்து வீட்டுச் சேச்சியும் அதே நேரத்துக்கு அதே பூவைத் திட்டிக்கொண்டே கூட்டுவார். எங்கள் அம்மா திட்டியிருக்கிறாள். சின்ன வயதில் அண்ணனுக்கும் எனக்கும் யார் கூட்டுவது என்று தினம் சண்டை. தோற்றவன் பெரும்பாலும் அவன்தான். முற்றம் நிறைய வசந்தத்தை முறத்தில் அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து துலிப் குத்தியிருக்கிறேன். இரண்டு வருடம்.

அன்று சாயங்காலமே வாத்தியாரய்யாவிடம் போனேன். ஒரு வருடத்து மோர் பாக்கி இருந்தது. புங்கம்பூ பாட்டில் வருதுங்களா என்று மட்டும் கேட்டேன். ‘பொரிப்பூம் புன்கு’ என்றார் யோசிக்காமலே. ஐங்குறுநூற்றில் இளவேனிற் பத்து என்று பத்துப் பாட்டு. ஓதலாந்தையார் பாடியது. வேம்பும் அதில் வருகிறது, பாதிரியும் வருகிறது. பத்துப் பாட்டும் ஒரே வார்த்தைகளில்தான் தொடங்குகின்றன: அவரோ வாரார், தான்வந் தன்றே. அவர் வரவில்லை, அது வந்துவிட்டது. அது என்றால் இளவேனில். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை பாருங்கள். வருகிறேன் என்று சொன்ன ஆள் வராமல், யாரும் கூப்பிடாத பருவம் வந்து வாசலில் நிற்கிற எரிச்சல் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. வாத்தியாரய்யாவுக்கு அது எரிச்சல் இல்லை, ஏக்கம். எனக்கு எரிச்சல்தான். காலையில் துடைப்பம் பிடிக்கிறவளுக்குத்தான் அது தெரியும்.

பென்சில் முனை

புங்கம்பூவுக்குக் கத்தி வேண்டியிருக்கவில்லை. பென்சிலின் பின்பக்கம் இருக்கும் சின்ன ரப்பர் போதும். பிளேடால் அதன் ஓரத்தில் ஒரு கீற்றும் நடுவில் பாதி ஆழத்துக்கு ஒரு கீற்றும் போட்டேன், அவ்வளவுதான். வைத்து எடுத்தால் வாய் பிளந்த ஒரு பொரி. மை, சொசைட்டி மேசையில் இருப்பது போன்ற சாதாரண வயலட் பேட். கடையில் புதிதாக வாங்கினேன், சொசைட்டிப் பேடை எடுத்து வரவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரு தடவை மை தொட்டு ஐந்து முறை வைத்து எடுக்க வேண்டும். முதல் அச்சு அட்டைக்கு ஆகாது, அது அடர்த்தி. பக்கத்தில் ஒரு கழிவுத் தாளில் குத்திவிட வேண்டும். இரண்டாவது அச்சு மொட்டு. அது அட்டையின் மேல்பகுதிக்கு, இன்னும் காற்றில் இருக்கும் பூவுக்கு. மூன்றாவதும் நாலாவதும் தரையில் இன்றைக்கு விழுந்தவை. ஐந்தாவது, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும், நேற்று விழுந்து வெயிலில் வெளுத்தது. நேற்றைய பூவின் மேல் இன்றைய பூ விழ வேண்டும் என்பதால் வெளிறியதை முதலில் குத்திவிட்டு அடர்ந்ததை மேலே குத்த வேண்டும். அதாவது ஐந்தாவது அச்சிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். இதற்காகவே ஐந்து அட்டையை வரிசையாக வைத்துக்கொண்டு கையை மாற்றி மாற்றிப் போனேன். பூவின் காம்படியில் இருக்கும் பழுப்புக் கிண்ணத்துக்குத் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைப் போஸ்டர் கலரில் தொட்டு ஒரு புள்ளி. எல்லாப் பூவுக்கும் வைக்கக் கூடாது. வைத்தால் தரை தரையாக இருக்காது, சேலை ஆகிவிடும்.

கை இங்கே ஆட்டமாக இருப்பதே நல்லது என்று தெரிந்தது. பாதி பதிந்தால் பாதி கவிழ்ந்து கிடக்கிற பூ. இரண்டு மாதம் பாடுபட்டு மறந்த சொசைட்டிக் குத்தை மறுபடி அழைத்துக்கொண்டேன். டக் டக் டக் டக். ஒரு அட்டைக்கு நூறு பூவாவது ஆகும். அடுக்களையில் இருந்த என் வீட்டுக்காரர், “ஏனுங் அம்மிணி, ராத்திரியிலயும் ஆபீஸா?” என்று கேட்டார்.

குறையும் சொல்லிவிட வேண்டும். இந்த மை தண்ணீர் பட்டால் ஓடும், ஜன்னலோரம் வைத்தால் ஒரு வருடத்தில் வெளுத்துப்போகும். பிக்மென்ட் மை வாங்கினால் நிற்கும், ஆனால் அதில் மூன்றாவது அச்சின் அந்த நிறம் எனக்கு வரவில்லை. வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுத்துக்கு ஸ்டாம்ப் போடவில்லை. புள்ளி எதையும் சாக்கடைக்குக் கொடுக்க விருப்பமில்லாமல், உள்ளே ‘அவரோ வாரார், தான்வந் தன்றே’ என்ற அந்த நாலு வார்த்தையைக் கையாலேயே எழுதினேன். எல்லாருக்கும் இல்லை. வராத ஆட்களுக்கு மட்டும். வருகிற ஆட்களுக்கு வெறும் ‘சித்திரை வாழ்த்துகள்’, நாலு புள்ளியோடு.

கோயமுத்தூரில் இருக்கும் நாத்தனார் போன் செய்து அட்டை அருமை, அந்த அரிசி டிசைன் எப்படிப் போட்டே என்றார். பொள்ளாச்சித் தோழி மழை என்று நினைத்திருக்கிறாள். அண்ணன் மகளுக்கு அது ‘அப்ஸ்ட்ராக்ட்’. துலிப்பை எல்லாரும் பூ என்றாவது சொன்னார்கள். வாத்தியாரய்யா கண்ணாடி போட்டு, முன்னே பின்னே பார்த்துவிட்டு, இந்த முறை எதுவும் கேட்கவில்லை. “காம்புப் புள்ளி ரெண்டு மூணு அதிகமா வச்சுட்டே,” என்றார். பஞ்சாங்கத்துக்குள் துலிப்புக்கும் கொன்றைக்கும் பக்கத்தில் அதையும் வைத்தார். நான் மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினது போய்ச் சேருமா என்றே சந்தேகமாக இருந்தது. அவன் அங்கே போய் இருபது வருடம் ஆகிறது. ஒவ்வொரு சித்திரைக்கும் வருகிறேன் என்பான். டிக்கெட் விலை, லீவு, மானேஜர், எப்போதும் ஏதாவது ஒன்று. வருடப் பிறப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஏசி அறை, கம்ப்யூட்டர், பக்கத்தில் பேனா ஸ்டாண்டில் சாய்த்து வைத்த என் அட்டை. உள்ளே எழுதியிருந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்துக்கு அடியில் இவ்வளவுதான்: “ஏங்கண்ணு, இன்னும் வாசல் கூட்டலையா?”

அப்போது மத்தியானம் மூன்று மணி. எட்டிப் பார்த்தேன். காலையில் கூட்டினது தெரியவே இல்லை.